"அங்கால போனா சய": சமன்பாடு தீர்க்கப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் புதிதாகக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தரம் 8 பிள்ளைகளிடம் 'ஓர் எண்ணுடன் 5 ஐக் கூட்டினால் 12, அந்த எண் எது?' என்றால் உடனே 7 என்கிறார்கள். கொஞ்சம் நீண்ட சமன்பாட்டைப் பலகையில் எழுதியதும் குழம்புகிறார்கள். சிலர் வெறும் விடையை எழுதுகிறார்கள், சிலர் கைக்கு வந்த படிமுறையை எழுதுகிறார்கள். எப்படி ஒழுங்காகக் கொண்டுபோவது?"

நீண்ட காலம் இதே பாடத்தைப் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே எழுதும் வசதிக்காகத் தெரியாக்கணியத்தை, அதாவது கண்டுபிடிக்கவேண்டிய எண்ணை, 'க' என்று வைத்துக்கொள்கிறேன். கொப்பியில் பிள்ளைகள் வழக்கம்போல எக்ஸ் என்றே எழுதட்டும்.

முதலில் ஒரு கொப்பியைப் பார்ப்போம். இப்படி ஒரு கொப்பி உங்கள் வகுப்பிலும் கட்டாயம் இருக்கும்.

3க + 5 = 20
3க = 20 − 5
3க = 15
க = 15 − 3
க = 12

பிழை என்று சிவப்புப் பேனையால் கீறுவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் 15 இலிருந்து 3 ஐக் கழிச்சனீ?" பதில் இப்படித்தான் வரும்: "3 அங்கால போகுது. அங்கால போனா சய தானே ரீச்சர்."

அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்த விதியை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது. 5 அங்கால போனபோது சய 5 (−5) ஆனது என்றால் 3 போகும்போது ஏன் சய 3 ஆகக்கூடாது? விதியில் அதற்கு விலக்கு இல்லையே. இன்னொரு பிள்ளை −2க = 8 என்பதில், "−2 அங்கால போனா +2, அப்ப 8 ஐ 2 ஆல் வகுக்க 4" என்று எழுதும். இதுவும் அதே விதிதான், வேறு இடத்தில் போய் முட்டியிருக்கிறது.

ஆகவே என் பதிலின் சாரம் இதுதான். 'மற்றப் பக்கம் கொண்டுபோதல்' என்ற பேச்சை ஆரம்பத்தில் வகுப்பில் எடுக்கவே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அந்தக் குறுக்கு வழி பிறகு தானாகவே கண்ணில் படும். ரியூசனில் ஏற்கனவே அதைப் பழகிவிட்டு வந்திருப்பார்களே என்றால், அதோடு சண்டை போடத் தேவையில்லை. "சரி, ஏன் சய ஆனது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லக்கூடிய பிள்ளை அந்த வழியிலேயே செய்யட்டும். சொல்லத் தெரியாத பிள்ளைக்குத்தான் கீழே உள்ளவை.

படிமுறைக்குப் போகுமுன் ஒரு பாடவேளையைச் சமன் குறிக்காக ஒதுக்குங்கள். வீண் என்று தோன்றும், ஆனால் வீண் இல்லை. பலகையில் இதை எழுதி இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள்:

8 + 4 = ___ + 5

பலர் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். இது எங்கள் பிள்ளைகளின் குறை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் இதே கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1999 இல் வெளிவந்தது. அவர்களில் ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. காரணம் எளிது. தரம் 1 இலிருந்து சமன் குறியைப் பிள்ளை கண்டதெல்லாம் கணக்கின் கடைசியில், விடை எழுதும் இடத்துக்கு முன்னால். அதனால் அந்தக் குறி பிள்ளைக்கு 'இனி விடையை எழுது' என்ற கட்டளை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பெறுமானம் என்ற செய்தி அதற்குள் இருப்பதாகப் பிள்ளை நினைப்பதே இல்லை. அந்த நினைப்பு இல்லாத பிள்ளைக்கு 'இரு பக்கமும் 5 ஐக் கழி' என்றால் என்ன விளங்கும்?

அந்தப் பாடவேளையில் சரியா பிழையா விளையாட்டுப் போதும். 7 = 3 + 4, சரியா? 6 + 2 = 9 − 1? 5 = 5? கடைசியைப் பார்த்துச் சில பிள்ளைகள் "இது கணக்கே இல்லை" என்பார்கள். நல்லது, அதைப் பற்றிக் கதையுங்கள். 1557 இல் றொபேட் றெக்கோட் என்பவர் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது, சமாந்தரமான இரு கோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு பொருள் கிடையாது என்று காரணம் எழுதினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். குறியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே அளவான இரு கோடுகள் என்பது ஞாபகம் வரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் உண்டு. பிள்ளைகள் இப்படி ஓடி எழுதுவார்கள்:

20 − 5 = 15 ÷ 3 = 5

விடை சரிதான், ஆனால் எழுதியது பொய். 20 − 5 உம் 5 உம் சமன் இல்லை. இதை விட்டுவிட்டால் பிறகு சமன்பாடு எழுதும்போது வரியின் தொடக்கத்தில் ஒரு சமன் குறி, நடுவில் ஒன்று என்று வந்து நிற்கும். ஒரு வரியில் ஒரே ஒரு சமன் குறி, அடுத்த வரியின் சமன் குறி அதற்கு நேர் கீழே. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சதுரக்கோட்டுக் கொப்பி என்றால் இன்னும் நல்லது, குறியைத் தவறாமல் ஒரே நிரலில் போடலாம்.

அடுத்து தராசு. எல்லாப் புத்தகத்திலும் படம் இருக்கிறது, ஆனால் படம் போதாது. இன்றைய பிள்ளை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் காண்பது பெரும்பாலும் இலக்கம் காட்டும் மின்தராசு. இரு தட்டுத் தராசைக் கையால் தொட்ட பிள்ளைகள் குறைவு. ஓர் உடுப்புக் கொழுவியை நூலில் தொங்கவிட்டு, இரு முனையிலும் கழுவிய யோகட் கோப்பை ஒவ்வொன்றைக் கட்டினால் வேலை முடிந்தது. போளைகள் கொஞ்சம் எடுங்கள், எல்லாம் ஒரே அளவாக, நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் சின்னப் போளைகளாக இருக்கட்டும். நாலு வெறும் நெருப்புப்பெட்டிகளும் வேண்டும். இரண்டு பெட்டிகளில் பிள்ளைகள் காணாமல் நாலு நாலு போளை போட்டு மூடுங்கள். இடப்பக்கக் கோப்பையில் அந்த இரண்டு பெட்டியும் 3 போளையும். வலப்பக்கத்தில் 11 போளை.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் வரும். பெட்டிக்கும் நிறை இருக்கிறது, இடப்பக்கம் கொஞ்சம் தாழும். அதற்குத்தான் மற்ற இரண்டு பெட்டி: வெறுமையாகவே வலப்பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஏன் போடுகிறீர்கள் என்று பிள்ளைகளையே கேட்டால் பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது ஒரு பிள்ளையை வந்து, கொழுவி சாயாதபடி எதையாவது எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் சாய்கிறது. இரு பக்கமும் 3 போளை எடுத்தால் நிற்கிறது. இரண்டு பெட்டிக்கு 8 போளை. பிறகு இரு பக்கத்திலும் பாதியை எடுக்க, வெறும் பெட்டியிலும் ஒன்றை எடுக்க, ஒரு பெட்டிக்கு 4. பெட்டியைத் திறந்து காட்டுங்கள். அப்புறம் அதே செயலைப் பலகையில் எழுதுங்கள்:

2க + 3 = 11
2க + 3 − 3 = 11 − 3 (இரு பக்கமும் 3 ஐக் கழிக்க)
2க = 8
2க/2 = 8/2 (இரு பக்கமும் 2 ஆல் வகுக்க)
க = 4

முக்கியமான ஒன்று: க என்பது பெட்டி இல்லை, பெட்டிக்குள் இருக்கும் போளைகளின் எண்ணிக்கை. எழுத்து ஒரு பொருளுக்குப் பதில் நிற்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் பிறகு போக்குவது பெரும்பாடு. '3ம என்றால் மூன்று மாம்பழம்' என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படியானால் 3ம × 2ம என்ன, ஆறு மாம்பழ மாம்பழமா? எழுத்து எப்போதும் ஓர் எண்ணுக்குப் பதில் நிற்கிறது என்பதை ஆரம்பத்திலேயே ஊன்றிச் சொல்லுங்கள்.

தராசை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். க + 5 = 2 என்றால் தராசு கைவிட்டுவிடும். சய 3 போளையைப் பெட்டிக்குள் போட முடியாது. சிலர் பலூன் கட்டி மேலே இழுப்பதுபோல் எல்லாம் சோடித்துப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது பிள்ளையை இன்னும் குழப்பும். இரண்டு மூன்று பாடவேளைக்குப் பின் கொழுவியைக் கழற்றி வைத்துவிட்டு, 'இரு பக்கமும் ஒரே செய்கை' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறை எண் வந்தாலும் பின்னம் வந்தாலும் அந்தச் சொல் நின்று பிடிக்கும்.

அடுத்து வரும் கேள்வி: எதை முதலில் செய்வது? 3க + 5 = 20 இல் ஏன் முதலில் 5 ஐக் கழிக்கவேண்டும், 3 ஆல் வகுத்தால் என்ன? பிள்ளை இதைக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். வகுத்தால் பிழை இல்லை, க + 5/3 = 20/3 என்று வரும், அதிலும் க = 5 தான். ஆனால் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இதைப் பலகையில் ஒருமுறை செய்தே காட்டுங்கள். அப்போதுதான் 'முதலில் கழி' என்பது சட்டம் இல்லை, வசதி என்று விளங்கும்.

அந்த வசதியைக் கண்டுபிடிக்க அம்புக்குறிப் படம் உதவும். க இல் தொடங்கி 3 ஆல் பெருக்கினோம், பிறகு 5 ஐக் கூட்டினோம், 20 வந்தது. திரும்பி வரும்போது கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்கவேண்டும்: 20 இலிருந்து 5 ஐக் கழி, 3 ஆல் வகு. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி, கையால் மூடிப் பார்த்தல். 3க ஐ விரலால் மூடுங்கள். "என்னவோ ஒன்றுடன் 5 ஐக் கூட்ட 20. அந்த என்னவோ என்ன?" "15." "அப்ப 3க என்ன?" "15." "க?" "5." உங்கள் வகுப்பில் வாயால் விடை சொல்லக்கூடிய பிள்ளைகளை எழுத்துக்குக் கொண்டுவர இதுதான் பாலம். ஆனால் இந்த இரண்டு வழியும் தெரியாக்கணியம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்வரைதான். இரு பக்கமும் வந்தால் மூடவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது.

ஒழுங்கைப் பொறுத்தவரை பாடநூலின் ஒழுங்கு மோசம் இல்லை. ஒரு செய்கை, இரண்டு செய்கை, அடைப்பு, இரு பக்கமும் தெரியாக்கணியம், பின்னம் என்று போகலாம். தரம் 9 இல் ஒருங்கமை சமன்பாடு (இரண்டு தெரியாக்கணியத்தை இரண்டு சமன்பாட்டால் காண்பது) வரும்போது இவை எல்லாம் கையோடு இருக்கவேண்டும். அங்கே புதிதாக வருவது இரண்டு சமன்பாட்டைக் கூட்டுவதும் கழிப்பதும்தான், மிச்சம் எல்லாம் இதே வேலை.

அடைப்பில் ஒரு சின்ன ஆலோசனை. 2(க − 3) = 10 என்றதும் விரிக்கப் பழக்கியிருப்போம். இரண்டு வழியிலும் செய்விக்கவும்: விரித்தால் 2க − 6 = 10, முதலில் வகுத்தால் க − 3 = 5. இரண்டிலும் க = 8. எது சுகம் என்று பிள்ளை தானே தெரிவு செய்யட்டும். வலப்பக்கம் 10 க்குப் பதில் 7 என்று மாற்றிவிட்டு மறுபடியும் கேட்டால் தெரிவு மாறும்.

அடைப்புக்கு முன்னால் சய வந்தால்தான் வினை. 5 − 2(க − 3) = 1 ஐக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டம் 5 இலிருந்து 2 ஐக் கழித்து 3(க − 3) = 1 என்று எழுதும். இன்னொரு கூட்டம் 5 − 2க − 6 = 1 என்று எழுதும். இரண்டும் சமன்பாட்டுப் பிழை இல்லை. முதலாவது செய்கை ஒழுங்கு தெரியாத பிழை, மற்றது திசைகொண்ட எண்களில் (சக, சய எண்களில்) உள்ள பிழை. இதைப் பிரித்தறியாமல் 'சமன்பாடு விளங்கவில்லை' என்று மறுபடி தராசுக்குப் போனால் பயன் இல்லை. சய 2 ஐயும் சய 3 ஐயும் பெருக்கினால் சக 6 (+6) என்று தனியே அடைப்புக்கு மட்டும் பத்துக் கணக்குக் கொடுக்கவேண்டும். சரியான வழி:

5 − 2க + 6 = 1
11 − 2க = 1
11 = 1 + 2க (இரு பக்கமும் 2க ஐக் கூட்ட)
10 = 2க
5 = க

கடைசி வரியில் சில பிள்ளைகள் தயங்குவார்கள். "க முன்னுக்கு வரவேண்டாமா ரீச்சர்?" சமன் குறிப் பாடம் இன்னும் முழுதாகச் சேரவில்லை என்பதற்கு அடையாளம் அது.

இரு பக்கமும் தெரியாக்கணியம் வரும் இடத்துக்கு நான் எப்போதும் ஒரு பழைய கணக்கை எடுப்பேன். கி.பி. 499 இல் ஆரியபட்டர் தந்த விதி ஒன்று: இருவரிடம் ஒரே வகைப் பொருட்களும் கொஞ்சம் காசும் இருக்கின்றன, இருவரின் மொத்தச் சொத்தும் சமன். காசின் வித்தியாசத்தைப் பொருள் எண்ணிக்கையின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை வரும். எங்கள் ஊருக்கு இதைப் பனங்கட்டிக் குட்டானாக (பனையோலைச் சிறு பெட்டியில் வரும் பனங்கட்டி) மாற்றலாம். ஒருவரிடம் 7 குட்டானும் 100 ரூபாவும். மற்றவரிடம் 4 குட்டானும் 550 ரூபாவும். சொத்துச் சமன். ஒரு குட்டானின் விலை எவ்வளவு?

எழுத்தே இல்லாமல் முதலில் யோசிக்க விடுங்கள். "இவரிடம் 3 குட்டான் கூட. அவரிடம் 450 ரூபா கூட. அப்ப 3 குட்டான் 450 ரூபா, ஒன்று 150" என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அதற்குப் பிறகு எழுதுங்கள்:

7க + 100 = 4க + 550
3க + 100 = 550 (இரு பக்கமும் 4க ஐக் கழிக்க)
3க = 450
க = 150

எழுத்தையும் எண்ணைப்போலவே இரு பக்கத்திலிருந்தும் கழிக்கலாம் என்பதுதான் இங்கே புதிது. பல பிள்ளைகளுக்கு அது நம்பமுடியாத விஷயம், 'தெரியாத ஒன்றை எப்படிக் கழிக்கிறது?' என்பார்கள். இருவரிடமிருந்தும் நாலு நாலு குட்டானை எடுத்துவிட்டாலும் சொத்துச் சமனாகத்தானே இருக்கும், விலை தெரிந்திருக்கத் தேவையே இல்லை என்றால் பிடித்துக்கொள்வார்கள். குணகம் (எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்) சிறிய உறுப்பைக் கழித்தால் சய வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

பின்னத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். க/2 + 3 = 7 இல் பிள்ளை க + 3 = 14 என்று எழுதும். 2 ஆல் பெருக்கியது சரி, ஆனால் 3 ஐ விட்டுவிட்டது. இதற்கு மருந்து, பெருக்கும் வரியை அடைப்போடு எழுதுவித்தல்: 2(க/2 + 3) = 2 × 7. அடைப்பு இருந்தால் 3 ஐ விட்டுப்போக மனம் வராது. இந்தக் கணக்குக்கு முதலில் 3 ஐக் கழிப்பதுதான் சுகம் என்பது வேறு கதை. இரண்டு பின்னம் வரும்போதுதான் பகுதிகளின் (கோட்டுக்குக் கீழே உள்ள எண்களின்) பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுட் சிறியதால் பெருக்கும் வழி தேவை:

(க + 1)/2 − (க − 2)/3 = 2

இரு பக்கமும் 6 ஆல் பெருக்க,

3(க + 1) − 2(க − 2) = 12
3க + 3 − 2க + 4 = 12
க + 7 = 12
க = 5

பின்னக்கோடு ஓர் அடைப்பின் வேலையைச் செய்கிறது, கோட்டை எடுத்தால் அடைப்பைப் போடவேண்டும். இதை மறந்த பிள்ளை − 2க − 4 என்று எழுதி, க = 13 இல் போய் நிற்கும்.

இங்கேதான் வாய்ப்புப் பார்த்தலின், அதாவது விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்ப்பதன், அருமை தெரியும். க = 5 ஐ மேலே பிரதியிட, 6/2 − 3/3 = 3 − 1 = 2, சரி. க = 13 என்றால் 14/2 − 11/3, 2 வராது. விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்கத் தேவையில்லாத பாடம் கணிதத்தில் இதுபோல் வேறு அதிகம் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வாய்ப்புப் பார்க்க மாட்டார்கள், கடைசி வரி வந்ததும் பேனையை மூடிவிடுவார்கள். கேட்டால் "நேரம் இல்லை" என்பார்கள். ஆகவே ஒரு நாள் முழுக்கப் பிரதியிடலை மட்டும் செய்விக்கவும்: சமன்பாடும் மூன்று விடையும் கொடுத்து, எது பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரதியிடும்போது மூலச் சமன்பாட்டில் பிரதியிடவேண்டும், இரண்டாம் வரியில் அல்ல. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு வரும்போதே பிழை விட்டிருந்தால் இரண்டாம் வரி பொய்ச் சாட்சி சொல்லும்.

விடை வடிவம் பற்றியும் பிள்ளைக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. பாடநூல் கணக்கெல்லாம் முழுவெண்ணாக வருவதால் 4க = 3 என்றால் பல பிள்ளைகள் 4/3 என்று எழுதிவிடுவார்கள், பெரியதைச் சிறியதால் வகுத்துப் பழகிய கை அது. 5க + 8 = 8 என்றால் 5க = 0 வரை வந்துவிட்டு "விடை இல்லை" என்பார்கள். பூச்சியமும் ஒரு விடைதான். விடை உண்மையிலேயே இல்லாத சமன்பாடு எப்படி இருக்கும் என்று காட்ட 2க + 3 = 2க + 5 ஐ எழுதுங்கள். இரு பக்கமும் 2க ஐக் கழிக்க 3 = 5 என்று வந்து நிற்கும். பரீட்சைக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அன்று வீட்டுக்குப் போயும் அதையே யோசிப்பார்கள்.

வசனக் கணக்கு தனிப் பாடம், இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். தமிழில் சொல் ஒழுங்கு பிள்ளையைச் சில இடங்களில் ஏமாற்றும். 'ஓர் எண்ணிலிருந்து 5 ஐக் கழிக்க 12' என்றால் வாசித்த ஒழுங்கிலேயே க − 5 = 12 என்று எழுதிவிடலாம். 'எண் ஒன்றிலிருந்து' என்பதைப் பின்னுக்குத் தள்ளி, '5 ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க 12' என்று கொடுத்தால் பாதிப் பேர் 5 − க = 12 என்பார்கள். இரு மாதிரியும் கலந்து கொடுங்கள். எழுத்து எதைக் குறிக்கிறது என்று முதல் வரியில் எழுதுவிக்கவும், 'அகலம் க' என்று மொட்டையாக இல்லாமல் 'அகலம் க மீற்றர்' என்று. நீளம் அகலத்தைவிட 6 மீற்றர் கூடிய ஒரு செவ்வக வளவைச் சுற்றி வேலியடைக்க 64 மீற்றர் வேண்டுமென்றால் 2(க + க + 6) = 64, க = 13. விடை கண்டதும் நிறுத்திவிடுவார்கள். நீளத்தைக் கேட்டிருந்தால் 19 என்று எழுதவேண்டும். கேட்டது எது என்று கடைசியில் மறுபடி வாசிக்கவேண்டும்.

இனிப் பயிற்சி. ஒன்றைச் செய்து காட்டிவிட்டு இருபது கணக்கு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவுஸ்திரேலியாவில் ஜோன் சுவெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985 இல் அட்சரகணிதத்தை வைத்தே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முழுதாகச் செய்து காட்டிய கணக்கு ஒன்று, உடனே அதேபோல் செய்யவேண்டிய கணக்கு ஒன்று என்று சோடி சோடியாகப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்த்தவர்களைவிட அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். என் அனுபவமும் அதுவே. ஆறு சோடி போதும், இருபது வேண்டாம். அடுத்த கட்டத்தில் செய்து காட்டிய கணக்கின் கடைசி வரியை அழித்துவிட்டுக் கொடுங்கள், பிறகு கடைசி இரண்டு வரியை, இப்படியே குறைத்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பிள்ளை முழுவதையும் தானே எழுதும்.

'இரு பக்கமும் 5 ஐக் கழிக்க' என்று ஓரத்தில் காரணம் எழுதுவதையும் அதேபோல் குறைக்கலாம். முதல் இரண்டு கிழமை கட்டாயம். பிறகு வாயால் சொன்னால் போதும். பிறகு நீங்கள் கேட்டால் மட்டும். ஆனால் வரிகளை விட்டு நேரே விடைக்குப் பாய விடவேண்டாம். சாதாரண தரக் கணித வினாத்தாளில் படிமுறைக்கும் புள்ளி உண்டு, கடைசி விடை பிழைத்தாலும் சரியான வரிகளுக்குப் புள்ளி கிடைக்கும், வெறும் விடை எழுதிப் பிழைத்தவருக்கு எதுவும் இல்லை. கைபேசியில் படம் எடுத்தால் படிமுறையோடு விடை தரும் செயலிகள் இப்போது பிள்ளைகளிடம் இருக்கின்றன, ஆகவே வீட்டுக் கொப்பியில் வரிகள் ஒழுங்காக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் ஒரு வரியைத் தொட்டு "இது எப்படி வந்தது?" என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி, கிழமைக்கு ஒருமுறை. பெயரில்லாமல் மூன்று பிழையான தீர்வுகளைப் பலகையில் எழுதிப் பிழை பிடிக்கச் சொல்லுங்கள். 'எந்த வரியில் பிழை, அந்தப் பிள்ளை என்ன நினைத்து எழுதியிருக்கும்?' இரண்டாவது கேள்விதான் முக்கியம். மேலே எழுதிய க = 12 கணக்கோடு தொடங்கலாம். வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை "3க என்றால் 3 ஆல் பெருக்கினது, கூட்டினது இல்லையே, அப்ப கழிச்சு எப்படி அவிழும்?" என்று கேட்கும். அதற்குப் பிறகு நீங்கள் 'மற்றப் பக்கம் கொண்டுபோதல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும் பயமில்லை.